கண்வலிக் கிழங்கும் நித்தியகல்யாணியும்

ஐப்பசி மாதம் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தயம் பக்கம் போனால் செங்காந்தள் தோட்டங்களைப் பார்க்கலாம். நம் மாநிலப் பூ. ஊர்க்காரர்களுக்கு அது கண்வலிக் கிழங்கு. இந்தப் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் காலையிலேயே ஆட்கள் இறங்கி, பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். இத்தனை பாடும் விதைக்காக. விதைக்குள் இருக்கிறது கோல்ச்சிசின்.

செல் இரண்டாகப் பிரியும்போது மெல்லிய இழைகள் உருவாகி குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும். கோல்ச்சிசின் அந்த இழைகளை உருவாகவே விடாது. புற்றுநோய்க்கு அருமையான மருந்தாயிற்றே என்று தோன்றும். ஆனால் புற்றைத் தடுக்கத் தேவையான அளவு கொடுத்தால் நல்ல செல்களும் தாங்காது. அதனால் கௌட் எனும் மூட்டுவலிக்குத்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது.

அதே இழைகளைத் தடுத்துச் சாதித்தது, நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்காக அதன் இலையை ஆராய்ந்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன! 1958-ல் அந்த இலையிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டின் என்ற மருந்து அறிவிக்கப்பட்டது. அதே செடியிலிருந்து பின்னர் வந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய ஊசி மருந்து. ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள், அவ்வளவு வீரியம்.

ஆகவே நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். கண்வலிக் கிழங்கைத் தின்றால் உயிரே போகும். உடம்பில் கட்டி தட்டுப்பட்டால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.