செஞ்சி மலையில் நான் கற்ற பாடம்



மலையேற்றம் என்றதும் உங்களுள் பலருக்கு இமயமும் ஆல்ப்ஸ் மலையும் நினைவுக்கு வரும்; பனி மூடிய சிகரங்களும் பேரருவிகளும் மனக்கண்முன் தோன்றும். அவற்றை நேரில் காணும் பேறு எனக்குக் கிட்டவில்லை. செஞ்சியை அடுத்த வல்லம் எனது ஊர். நான் ஏறி இறங்கியவை எல்லாம் செஞ்சியைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளே. அங்குப் பெரிதும் பேசப்படும் இராசகிரியும் ஏறத்தாழ 800 அடி உயரந்தான். ஆயினும், ஒரு மலையை எவ்வாறு நடந்து காண வேண்டும் என்பதைக் கற்க எனக்கு அந்த உயரமே போதுமானதாக இருந்தது. அதையும் ஒரு தவறு செய்த பின்னரே கற்றேன். அதனை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிட விரும்புகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே கிருட்டிணகிரி, மேற்கே இராசகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என மூன்று மலைகள் முக்கோணமாக நிற்கின்றன. மூன்றையும் இணைத்துச் செல்லும் மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை கிருட்டிணகிரிக்கும் இராசகிரிக்கும் இடையே போகிறது. அச்சாலையில் செல்வோர், யாரோ அரக்கர் அள்ளிக் குவித்தாற்போல் கிடக்கும் உருண்டைப் பாறைகளைக் கண்டு வியப்பர். அரக்கர் எவரும் குவிக்கவில்லை. கருங்கல் பாறையின் வெடிப்புகளில் மழைநீர் புகுந்தது. நீர் பட்ட இடமெல்லாம் காலப்போக்கில் மக்கி மண்ணாயிற்று. மண் கரைந்து ஓட, மக்காத நடுக்கற்கள் உருண்டை உருண்டையாய் எஞ்சின. செஞ்சியின் பெருஞ்சிற்பி மழையே என்று சொல்லலாம்.

அந்த மழை ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையாய்ப் பெய்யும்போது பாறைச் சரிவுகளில் வெள்ளைக் கோடுகளாய் நீர் இறங்கும். அவையே எங்கள் அருவிகள். மழை ஓய்ந்த சிறிது நேரத்தில் அவை மறைந்துவிடும்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு, எனக்கு இருபத்தெட்டு வயது. ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மரைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்றேன். ஒரே நாளில் மூன்று மலைகளையும் ஏறி முடிக்க வேண்டும் என்பது என் திட்டம். பக்கத்து ஊர்ப் பள்ளி மாணவர்கள் இரண்டு மலை ஏறினார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களை மிஞ்ச வேண்டும் என்பதே உள்ளத்தில் இருந்த காரணம். கையில் ஊதல், மறு கையில் கடிகாரம். பின்தங்கியவர்களை ஊதி ஊதி விரட்டினேன்.

ஒரு மாணவன் மட்டும் எத்தனை முறை ஊதியும் வரவில்லை. கல் உடைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் அவன். இராசகிரிப் படிகளின் ஓரத்தில் ஒரு பாறையருகே குந்தி அதனைத் தடவிக்கொண்டிருந்தான். “உனக்கு ஏற முடியாவிட்டால் இங்கேயே உட்கார்ந்திரு” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துவிட்டு, அவனுக்குத் துணையாக ஒருவனை நிறுத்தி மேலே சென்றேன்.

உச்சிக்குச் சென்றோம். கீழே வயல்களும் ஏரிகளும் பாய் விரித்தாற்போல் கிடந்தன. பத்து நிமிடம் நின்றோம், ஊதலை ஊதினேன், இறங்கினோம். வழியில் அம்மாணவன் என்னிடம் வந்தான். “ஐயா, இந்தப் பாறையின் விளிம்பில் ஒரே வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன, பாருங்கள். இவை ஆப்புக் குழிகள். குழி வெட்டி ஆப்பை இறக்கி அடித்தால் பாறை கோடு போட்டாற்போல் பிளக்கும். என் தந்தை அப்படித்தான் பிளப்பார். அதோ, அந்த மதிற்கல்லின் ஓரத்தில் பாதிக் குழி தெரிகிறது. மதிலுக்கு வேண்டிய கல்லை இங்கேயே எடுத்திருக்கிறார்கள்” என்றான்.

மாணவர்களே, அதற்கு முந்தைய வாரந்தான் நான் வகுப்பில், “இக்கோட்டைக்குரிய கற்களையெல்லாம் நெடுந்தொலைவிலிருந்து யானைகளைக் கொண்டு இழுத்து வந்தார்கள்” என்று பாடம் சொல்லியிருந்தேன். எந்த நூலிலும் படித்துச் சொன்னதன்று. சொல்லச் சுவையாக இருந்தது, சொன்னேன். அவன் காட்டிய குழிகளை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “நேரமாகிறது, இறங்கு” என்றேன்.

மாலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது மாணவர்களை நோக்கி, “என்ன கண்டீர்கள்?” என்று கேட்டேன். “காற்று பலமாக அடித்தது, ஐயா”, “குரங்குகள் இருந்தன, ஐயா” என்றார்கள். மூன்று மலை ஏறிய நாற்பது பேரில் எதையேனும் கண்டவன் அவன் ஒருவனே. அவனை நான் கேட்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் தனியே அம்மலைக்குச் சென்று, அவன் தடவிய பாறையைத் தேடிக் கண்டேன். குழிகள் இருந்தன, மதிற்கல்லில் பாதிக் குழியும் இருந்தது. ஆனால் அவன் பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திக் கல் உடைக்கச் சென்றுவிட்டிருந்தான். ‘நீ சொன்னதே சரி, நான் சொன்னது பிழை’ என்று வகுப்பில் எல்லாரும் கேட்க நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவன் படிப்பைத் தொடர்ந்திருப்பானோ என்னவோ, அறியேன். சொல்லாத குறை என்னைச் சேர்ந்தது.

அதன்பின் ஊதலைக் கைவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரே மலை என்று வைத்துக்கொண்டேன். உச்சியை அடைய வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கினேன். மாறாக, ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்ற ஒரு கேள்வியை மாணவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அக்கேள்வி என்னென்ன காட்டிற்று தெரியுமா? கோட்டைக்குள் பல அடுக்குகளுடன் உயர்ந்து நிற்கும் கலியாண மகாலை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பர். அங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டால், கண் தரையை நோக்கித் திரும்பும். ஏறத்தாழ 500 கஜத்திற்கு அப்பாலிருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியே நீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். செட்டிகுளம், சக்கரகுளம் ஆகியவை மலையடியில் ஏன் அமைந்தன என்பதும் விளங்கும். பாறையில் விழும் மழை அங்கே தங்குவதில்லை. வழிந்து அடிவாரத்திற்கே வருகிறது. அதைத் தடுத்துத் தேக்கியவன் அறிவாளி. நீர் இல்லாத உச்சியில் எந்த மன்னனும் பகைவனை எதிர்த்து நிற்க இயலாது.

இராசகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்திருக்கிறது. அப்பிளவு ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடையது. அதன்மேல் ஒரு பாலம். அதனை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவாகிவிடும். அவ்விடத்தில் நின்று குனிந்து பார்த்தவனுக்கு வரலாற்றுப் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மராத்திய மன்னர் இராசாராம் இங்கே இருந்தபோது, 1690ஆம் ஆண்டு தொடங்கி 1698ஆம் ஆண்டு வரை, முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டு நின்றது ஏன் என்று அவன் கால்களே சொல்லும். அதே கோட்டையை 1750ஆம் ஆண்டு புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதியின் படை ஓர் இரவில் கைப்பற்றியது. கல்லும் பிளவும் அவ்விடத்திலேயே இருந்தன, காவல்தான் தளர்ந்திருந்தது. 1714ஆம் ஆண்டு இம்மண்ணில் இளமையிலேயே போரில் மடிந்த தேசிங்கு ராசனின் கதையை நாட்டுப்பாடல்களில் கேட்டிருப்பீர்கள். அவன் உடல் எரியூட்டப்பட்டதாகக் கூறப்படும் இடம் செட்டிகுளக் கரையில் உள்ளது.

மலைக்குச் சென்றவர் எல்லாரும் கோட்டை கட்டச் செல்லவில்லை. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்று என்று ஒரு சிறு குன்று உண்டு. சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்களும் அங்கே ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை அங்குள்ள பழைய கல்வெட்டு கூறுகிறது. விரைந்து ஏறுவோர் அக்குன்றைச் சில நிமிடங்களில் ஏறி இறங்கிவிடலாம். அந்த 57 நாட்களை எண்ணிப் பார்ப்பவரோ அவ்வளவு விரைவில் இறங்கிவிட மாட்டார்.

ஆல்ப்ஸ் மலையிலும் இதே பாடத்தைக் காண்கிறேன். 1760ஆம் ஆண்டு ஜெனீவா நகர அறிஞர் சோசூர், மோன் பிளாங் என்னும் சிகரத்திற்கு வழி காண்போருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 1786ஆம் ஆண்டு பல்மா, பக்கார் என்ற இருவர் முதன்முதல் அதன் உச்சியை அடைந்தனர். அடுத்த ஆண்டு சோசூரும் ஏறினார். முதல்வர் என்ற பெயர் அவருக்கு இல்லை. ஆனால் கருவிகளைச் சுமக்கச் செய்து கொண்டு சென்று, காற்றழுத்தத்தை அளந்தார். அந்த உயரத்தில் நீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்று கண்டார். மணிக்கணக்கில் அங்கே தங்கி ஆராய்ந்தார்.

2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் படைத்தளக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. மற்றொன்று நம் செஞ்சி. இனி வருவோர் தொகை பெருகும். ஆகவே சில சொற்கள். விடியலிலேயே ஏறத் தொடங்குங்கள். வெயிலேறினால் பாறை அடுப்பாகிவிடும். குடிக்கத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். வெறும் புட்டியைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மழை நாளில் வழுக்குப் பாறையில் கால் வைக்காதீர்கள். குளங்களில் இறங்காதீர்கள். குரங்குகளுக்குத் தீனி கொடுத்துப் பழக்காதீர்கள். சுவரில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள். அந்தக் கல்லைப் பிளந்தவன் தன் பெயரை எழுதிச் செல்லவில்லை.

இறுதியாக ஒன்று. உங்கள் கூட்டத்தில் ஒருவர் பின்தங்கி நின்று எதையோ உற்று நோக்கிக் கொண்டிருந்தால், அவரை விரட்டாதீர்கள். திரும்பிச் சென்று, “என்ன பார்க்கிறாய்?” என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.