சிந்தியதை மறைக்க வேண்டாம்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



தப்பியோடிய மகன் அப்சலோம் நாடு திரும்ப வழியில்லாமல் இருந்த காலத்தில், தெக்கோவா ஊர்ப் பெண் ஒருவர் தாவீது அரசர் முன் வந்து பேசினார். தரையில் கொட்டிய தண்ணீரை அள்ள முடியாது என்று சொன்ன அவர், விலக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவே கடவுள் வழி தேடுகிறார் என்றும் சொன்னார். சாமுவேல் இரண்டாம் நூலின் 14-ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். கொட்டியது கொட்டியதுதான், ஆனால் கொட்டிய பிறகும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது வீட்டு விஷயம்தான். லேப்டாப் கீபோர்டில் டீயோ தண்ணீரோ கொட்டிவிட்டால் என்ன செய்வது? மறையுரையில் இது எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேலைக்குப் போகும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் கையிலும் லேப்டாப் வந்தது. குழுக்கடன் வாங்கி, நகையை அடகு வைத்து மகளுக்கு வாங்கிக் கொடுத்த தாய்மாரும் நம்மிடையே உண்டு. நாரணாபுரம் பக்கத்து வீடுகளில் படிப்பதும் சாப்பிடுவதும் பெரும்பாலும் ஒரே அறையில்தான். தரையில் பாய், பாயில் லேப்டாப், பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. கொட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கொட்டியவுடன் உள்ளே என்ன நடக்கிறது? தண்ணீர் மட்டும் அதைக் கெடுப்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் சர்க்கரையும், கூடவே ஓடும் மின்சாரமும் சேர்ந்துதான் கெடுக்கின்றன. ஈரமான இடத்தில் மின்சாரம் போகக் கூடாத வழியில் போகிறது. செம்புக் கம்பிகளை அரிக்கிறது. ஈரம் பட்ட அலுமினியத்தூள் மருந்து தானாகச் சூடேறும் என்று பட்டாசுத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தோடு சேரக் கூடாதது சேர்ந்தால் ஆபத்து என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

ஆகவே முதல் வேலை துடைப்பது அல்ல, மின்சாரத்தை நிறுத்துவது. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து, உலர்ந்த கையால் சார்ஜரைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடிவரை அழுத்திப் பிடித்து அணையுங்கள். 'எழுதினதைச் சேமித்துவிட்டு அணைக்கிறேன்' என்று காத்திருக்க வேண்டாம். மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி வெளியே கழற்றக்கூடிய மாதிரியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில், உதவ ஓடியவர்களும் உயிரிழந்ததை நம் பகுதி மறக்கவில்லை. ஆபத்தை முதலில் அடக்க வேண்டும். உதவி அதற்குப் பிறகுதான் என்பதை அந்தத் துயரம் நமக்குக் கற்றுத் தந்தது.

அடுத்து, ஒரு துண்டை விரித்து, திரையை நன்றாகத் திறந்து, கீபோர்டு கீழ்நோக்கி இருக்கும்படி லேப்டாப்பைக் கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே இறங்கியது வெளியே வடியட்டும். மேலே இருப்பதைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். குலுக்கவும் வேண்டாம், குலுக்கினால் நனையாத இடமும் நனையும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. முடி உலர்த்தும் சூட்டுக் காற்றை அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் வளையும், ஈரம் இன்னும் உள்ளே போகும். நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் வைக்காதீர்கள்; பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. அரிசி மூட்டைக்குள் புதைக்காதீர்கள். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை, அதன் தூசுதான் துளைகளில் அடைகிறது. 2024-இல் ஆப்பிள் நிறுவனமே தன் போன்களை அரிசியில் வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. முக்கியமாக, 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று அரை மணிக்கு ஒருமுறை போட்டுப் பார்க்காதீர்கள். பிழைக்க வேண்டிய லேப்டாப்பை அந்த ஆவல்தான் பல நேரம் கொல்கிறது.

வெறும் தண்ணீர், அதுவும் சில துளிகள் என்றால் ஒன்றிரண்டு நாள் உலரவிட்டுப் பார்க்கலாம். பால், சர்க்கரை கலந்த டீ, குளிர்பானம், உப்பேறிய போர்த் தண்ணீர் என்றால் உலர்ந்தாலும் படிவு உள்ளேயே தங்கி அரித்துக்கொண்டிருக்கும். தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுச் சுத்தம் செய்வார். சில சமயம் கீபோர்டை மட்டும் மாற்றினால் போதும். மதர்போர்டே போனாலும், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தனியே எடுத்துப் பாடங்களையும் படங்களையும் மீட்க முடிவதுண்டு. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடவே வேண்டாம். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லுங்கள். என்ன கொட்டியது, எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். 'திடீரென்று நின்றுவிட்டது' என்று சொல்லி வாரண்டியில் சரிசெய்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறோம். பல லேப்டாப்களின் உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. நாம் மறைப்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும். நீர் கொட்டிக் கெட்டதற்குச் சாதாரண வாரண்டி பெரும்பாலும் பொருந்தாது. பொய்யால் பணம் மிச்சமாவதில்லை. நோயை மறைத்து மருத்துவரிடம் போனதுபோல நேரம்தான் வீணாகிறது.

பெற்றோரே, இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. முதல் சில நிமிடங்கள்தான் முக்கியம் என்று பார்த்தோம். அந்த நிமிடங்களில் வீட்டில் இருப்பது யார்? பெரும்பாலும் பிள்ளை மட்டும்தான். நாம் ஆலையில் இருப்போம், அச்சகத்தில் இருப்போம். அடிக்குப் பயந்த பிள்ளை என்ன செய்யும்? மேலாகத் துடைத்துவிட்டு, மூடி, அலமாரியில் வைத்துவிடும். இரண்டு நாள் கழித்து நாம் திறக்கும்போது உள்ளே அரிப்பு தன் வேலையை முடித்திருக்கும். கொட்டியது டீ, ஆனால் கெடுத்தது பயம். அந்தப் பயத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தது யார் என்று நாம் யோசித்தாக வேண்டும்.

இன்று லேப்டாப்பை மறைக்கும் பிள்ளை நாளை மதிப்பெண்ணை மறைக்கும். ஒருவன் மிரட்டுவதை மறைக்கும். ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபின், கொட்டிய மருந்தை மறைக்கும். கொட்டிய மருந்தை மறைத்தால் என்ன ஆகும் என்று இந்த மண்ணில் நாம் விளக்க வேண்டியதில்லை.

அதனால் இன்று மாலையே பிள்ளையை அழைத்துப் பக்கத்தில் உட்காரவையுங்கள். 'எது கொட்டினாலும் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே எங்களுக்குப் போன் பண்ணு, அடிக்க மாட்டோம்' என்று சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். போன் வரும்போது 'உனக்கு ஷாக் அடிக்கவில்லையே?' என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். கண்டிப்பு வேண்டாம் என்பதல்ல. லேப்டாப் பக்கத்தில் சொம்பு வைக்கக் கூடாது என்பதை மறுநாள் அமைதியாகச் சொல்லலாம். தவறிய பிள்ளை தயங்காமல் திரும்பி வரக்கூடிய வீடாக நம் வீடுகள் அமையட்டும். அத்தகைய வீடுகளை உருவாக்கும் வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.