சிறு வேடமும் பெரு வாழ்வும்

 

கூத்தாநல்லூர் என்னும் பெயரைச் சொல்லும்போதே 'கூத்து' என்ற சொல் செவியில் விழுகிறது. ஆதலின் இக்கல்வி விழாவில் ஒரு நடிப்புக் கலைஞரைப் பற்றிப் பேசுவது பொருந்தும் எனக் கருதுகிறோம். அவர் கதாநாயகி அல்லர். சுவரொட்டிகளில் இடம்பெற்ற முகமும் அன்று. அவர்தாம் எஸ். என். லட்சுமி. பெயரைச் சொன்னால் உங்களுள் பலர் 'யார் அவர்?' என்பீர்கள்; திரையில் கண்டாலோ, 'இந்தப் பாட்டியைத் தெரியாதா!' என்பீர்கள்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்துச் சென்னல்குடியில், 13 பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை துரத்தச் சிறுமியாகவே வீட்டைவிட்டுச் சென்னை சேர்ந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் குழு நடனக்காரியாக வேலை கிடைத்தது. 1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா' படத்தின் முரசு நடனம் புகழ்பெற்றது. நூற்றுக்கணக்கான பெண்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஆடிய அந்நடனத்தில் அவரும் ஒருவர். அத்தனை பேருள் ஒருத்தியை யார் அடையாளம் காண்பர்? அவரது கலை வாழ்வு அங்கேதான் தொடங்கியது.

பின்னர் நாடகமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் குழுவிலும், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜிலும் பயின்றார். 1960-இல் வந்த 'பாக்தாத் திருடன்' படத்தில் சிறுத்தையோடு போரிடும் காட்சியில், பதிலாள் இன்றித் தாமே நடித்தார். 1964-இல் 'சர்வர் சுந்தரம்' வந்தது. அதில் நாகேஷின் தாயாக நடித்தார். உண்மையிலோ நாகேஷைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்! நாயகர்கள் முதுமையிலும் இளைஞராக நடிப்பர். சிறு வேடக்காரப் பெண்களோ இளமையிலேயே நரைமுடி அணிய வேண்டும். அதுவே அத்தொழிலின் நியதி.

'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் (1990) கைக்களவுப் பாட்டியாக வந்து நாட்டையே சிரிக்க வைத்தார். 'மகாநதி'யில் (1994) நம் காவிரிக்கரைக் குடும்பமொன்றின் முதியவளாக வந்து கண்கலங்கச் செய்தார். 'விருமாண்டி'யில் (2004) மீண்டும் பாட்டி. வேடம் ஒன்றே, ஆனால் ஒரு பாட்டியைப் போல் மற்றொரு பாட்டி இல்லை. 2012 பிப்ரவரி 20 அன்று அவர் மறைந்தபோது, 1,500-க்கு மேற்பட்ட படங்கள், 6,000 நாடகங்கள் என்று செய்தியேடுகள் எழுதின. கலைமாமணி விருது பெற்றவர். மணம் செய்துகொள்ளாமல், இறுதிவரை தம் உழைப்பிலேயே வாழ்ந்தவர்.

சிறு வேடம் எளிதென்று எண்ணற்க. நாயகனுக்குத் தன்னை விளக்க மூன்று மணி நேரம் உண்டு. சிறு வேடக்காரருக்கு மூன்று நிமிடமும் இல்லை. வந்து நின்ற கணத்திலேயே, இவள் யார், எந்த ஊர், என்ன துயர் என்பதைப் பார்ப்பவர் உணர வேண்டும். நடவு வயலில் ஒரு முடி நாற்றைப் பிரித்து நடும் விரல்களின் வேகமும் நேர்த்தியும் அதற்கு வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். 'சிறு வேலையும் பெருமையே' என்று சொல்லிச் சொல்லியே ஒரு சமுதாயத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சிறு வேலையில் நிறுத்திவைத்த நாடு இது. மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' படத்தில், பி. கே. ரோசி என்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் நாயகியாக நடித்தார். உயர்சாதிப் பெண்ணாக ஒரு தலித் பெண் நடிப்பதா என்று சினந்து, அவரை ஊரைவிட்டே துரத்தினர். வேடத்தில்கூட மேலே ஏறக் கூடாது என்றது சாதி. ஆதலின், சிறியதோடு நிறைவடையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்த சிறு பணி வேறு. தலையில் சுமத்தப்பட்ட சிறுமை வேறு. இந்த வேறுபாட்டை அறிவதற்கே கல்வி. மாணவச் செல்வங்களே, எந்தப் பெரிய வேடத்தையும் கேட்டுப் பெறுங்கள். பெற்றதை லட்சுமியைப் போல் குறைவறச் செய்யுங்கள்.

இறுதியாகக் கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா மலரில் தலைவர்கள், புரவலர்கள் படங்கள் இடம்பெறும், அது முறையே. அவற்றோடு விடுதியில் உலை வைத்த தாய்மார், கூலியில் மிச்சம்பிடித்துக் காசு கொடுத்த நடவாள்கள், இரவில் வாயிற்காவல் இருந்த முதியவர் ஆகியோர் பெயர்களும் அச்சேற வேண்டும். முரசு நடனத்தில் ஆடிய பெண்களுள் பெரும்பாலோர் பெயர் உலகுக்குத் தெரியாமலே போயிற்று. நம் கழகத்தின் முரசை முழங்கச் செய்தவர்களுக்கு அந்நிலை நேர விடலாகாது. பெயர் தெரியாதவர் என ஒருவரும் இல்லாத மலரே நமக்கு உண்மையான வெள்ளி விழா மலர்.