நாதத்தின் கோலம்



கோணேசர் சந்நிதியில் செவி நுகரும் நாதத்தைக் கண்ணாலும் காணலாமோ? காணலாம். 1787இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர், மணல் தூவிய தகட்டின் விளிம்பில் வில்லை இழுத்து ஒலியின் கோலங்களைக் காட்டினார். நம் சர் சி. வி. இராமன், 1934இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிருதங்கத்திலும் அவ்வாறே மணல் தூவிக் கண்டார். தோல் அதிராத இடங்களில் மணல் ஒதுங்கிக் கோடுகளாய் நின்றது. வெறுந்தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா; வலந்தலை நடுவே இடும் கரணை என்ற கரும்பூச்சே அவற்றை இசைவிக்கிறது என்று அவர் விளக்கினார்.

அப்பூச்சை இட்டவர்கள் யார்? ஒலிநூல் கல்லாமலே, தலைமுறை தலைமுறையாகச் செவியால் அளந்த தொழிலாளர். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு நாதத்தை மட்டும் உள்ளே அழைப்போமானால், நாம் கற்ற விஞ்ஞானமும் வீண்; பக்தியும் வீண். வாத்தியத்தை வணங்கும் நம் கைகள், அதைச் செய்தவரையும் வணங்கட்டும்.