ஒரே கீபோர்டில் நான்கு கைகள்

டிசம்பர் நெருங்கினால் கிறிஸ்துமஸ் கீத பவனிக்கும் கீத ஆராதனைக்கும் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தத் தொடங்கிவிடுகிறோம். ஒட்டன்சத்திரத்தில் பியானோ வைத்திருக்கும் வீடு அபூர்வம். பிள்ளைகள் படிப்பது 61 கட்டை கீபோர்டில்தான். டிரினிட்டி இசைத் தேர்வில் இரண்டாம் கிரேடு அளவுக்கு வந்த பிள்ளைக்கு வழக்கமாகத் தனியாக வாசிக்க ஒரு பாட்டைக் கொடுப்போம். இந்த வருடம் இரண்டு பேரை ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு ஏற்ற பாட்டு 'சைலன்ட் நைட்'. அது இருவர் பாட்டாகவே பிறந்தது. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816-ல் எழுதி வைத்திருந்த வரிகளுக்கு, ஃபிரான்ஸ் சேவர் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர் 1818 டிசம்பர் 24 அன்று மெட்டுப் போட்டார். அன்றிரவே இருவரும் கோவிலில் பாடிவிட்டார்கள். மோர் மேல்குரல், கிடாரும் அவர் கையில். குரூபர் கீழ்க்குரல்.

டூயட்டில் அந்தக் கீழ்ப்பகுதிக்கு செகண்டோ என்று பெயர். மெட்டு வாசிக்கும் மேல்பகுதி பிரைமோ. எல்லாப் பிள்ளைகளும் பிரைமோதான் கேட்பார்கள், பெற்றோரும் அப்படியே. நான் இருவருக்கும் முதலில் செகண்டோவைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஸி மேஜரில் எளிமையாக வாசிக்க ஸி, எஃப், ஜி என்று மூன்று கார்டு போதும். நடை திஸ்ரம்: ஒன்றுக்கு இடக்கையில் பேஸ், இரண்டுக்கும் மூன்றுக்கும் வலக்கையில் கார்டு. இந்தப் பருவத்துப் பிள்ளைகள் நீண்ட சுரத்தை முழுதாகப் பிடிக்காமல் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். கீழே ஓடும் எண்ணிக்கை கைக்குப் பழகிவிட்டால் மேலே நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார்கள். ஒவ்வொரு வாரமும் இடம் மாறி உட்காரட்டும்.

முழங்கை இடித்தால் பிரைமோவை ஒரு ஆக்டேவ் மேலே தள்ளுங்கள். பெடல் செகண்டோவின் காலில் இருக்கட்டும். கீபோர்டில் தானாக ஓடும் ரிதத்தை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கவே மாட்டார்கள். நம் ஊரில் மார்க்கெட்டில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குபவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சத்தத்தைக் குறைத்து வாசிப்பதும் நல்ல பயிற்சிதான். பக்கத்தில் இருப்பவரின் கையை இன்னும் உன்னிப்பாகக் கேட்க வேண்டியிருக்குமே!

முக்கியமான ஒன்று. தவறினால் நிற்கக் கூடாது, முதலிலிருந்து தொடங்கவும் கூடாது. சபையார் பாடிக்கொண்டே போவார்கள், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். அதனால் பாட்டில் மூன்று நான்கு இடங்களைப் பென்சிலால் குறித்து, எங்கிருந்து சொன்னாலும் இருவரும் சேர்ந்து எடுக்கப் பழக்குங்கள். தவறவிட்டவர் அடுத்த குறியில் வந்து சேர்ந்துகொள்வார்.

ஆயர்களுக்கும் கொயர் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடக் கீத ஆராதனையில் இப்படி ஒரு ஜோடிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அவர்கள் பெயரை இப்போதே நிகழ்ச்சி நிரலில் எழுதிவிடுங்கள்.