குறி கேட்பவர்களும் குறி சொல்பவர்களும்

குறி சொல்பவர்களை எழுத்தாளர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் தமிழ் இலக்கியம் படித்தவள் இல்லை, படித்தது நர்சிங் டிப்ளமோ. ஆனால் இங்கே ஜெர்மனியில் இரவுப் பணி பார்க்கிற நர்ஸிடம் எல்லோரும் கேட்பது குறிதான். "அம்மா இன்னும் எத்தனை நாள் இருப்பார்?"

சில வருடங்களுக்கு முன் ஒரு மகன் அப்படிக் கேட்டார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், காலையில் வந்தால் போதும்" என்றேன். விடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். மகன் என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்து நன்றி சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நப்பூதனாரின் முல்லைப்பாட்டைப் படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்கள் மாலையில் ஊர்ப்புறம் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாரோ ஒருவர் வாயிலிருந்து தற்செயலாக வரும் சொல்தான் குறி. அதற்கு விரிச்சி என்று பெயர். அங்கே ஓர் ஆயர் பெண், குளிருக்குத் தோளைக் கட்டிக்கொண்டு, தவிக்கிற கன்றிடம் உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்கிறாள். நல்ல சொல் கிடைத்துவிட்டது! கிழவிகள் ஓடிவந்து தலைவியிடம் சொல்கிறார்கள். அவளோ கண்ணீரை நிறுத்தவில்லை. குறி பலித்ததா என்பதைவிட, அது ஆற்றாத துயரத்தைத்தான் புலவர் பார்க்கிறார்.

இந்த நாட்டிலும் கதை உண்டு. கோள்களின் பாதையைக் கணக்கிட்டுச் சொன்ன அதே யோகான்னஸ் கெப்ளர், 1608-இல் தளபதி வாலன்ஸ்டைனுக்கு ஜாதகம் எழுதிக் கொடுத்தார். வயிற்றுப்பாடு விஞ்ஞானிக்கும் உண்டே. 1634-இல் வாலன்ஸ்டைன் கொலையுண்டார். ஷில்லரின் நாடகத்தில் அவர் நட்சத்திரம் கூடிவரட்டும் என்று காத்துக் காத்துக் காலத்தைக் கோட்டை விடுகிறார். கடைசி இரவில் சோதிடர் சேனி வந்து எச்சரிக்கும்போது மட்டும் கேட்பதில்லை.

எனக்கு மிக நெருக்கமானவள் முதலாம் சாமுவேல் புத்தகத்தின் 28-ஆம் அதிகாரத்தில், எந்தோரில் இருக்கிற பெண். ஞாயிறு பள்ளியில் அவளைக் கெட்டவள் என்றே சொல்லித்தந்தார்கள். குறி சொல்பவர்களை நாட்டைவிட்டே துரத்திய சவுல் ராஜா, மாறுவேடத்தில் இரவில் அவளிடமே வருகிறார். நாளை நீயும் உன் பிள்ளைகளும் சாவீர்கள் என்று சாமுவேலின் குரலில் பதில் வருகிறது. பகலும் இரவும் சாப்பிடாத மனிதர் தரையில் விழுந்துவிடுகிறார். அதன் பிறகு நடந்ததை எங்களுக்கு யாரும் அழுத்திச் சொன்னதில்லை. அவள் வீட்டில் இருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து, அப்பம் சுட்டு, வேண்டாம் என்றவரை வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறாள். தன் இனத்தையே துரத்தியவனுக்கு!

இப்போது யாராவது கேட்டால் நான் நாள் சொல்வதில்லை. கட்டில் பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டு, "இங்கேயே இருக்கிறீர்களா?" என்கிறேன். பிறகு போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.