மறுமணமும் உயிலும்
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் வழக்கறிஞராகப் பணியாற்றும் முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உயில் என்றதுமே "நல்ல நாள்ல இதென்ன பேச்சு"ன்னு வீட்டில் வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் விவாகரத்தாகி மறுமணம் செய்த குடும்பங்களில் அதைப் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவருக்கு முதல் மணத்தில் ஒரு மகன். விவாகரத்துக்குப் பின் அவர் மணந்த பெண்மணிக்கு ஏற்கெனவே ஒரு மகள். அந்தக் குழந்தையைத் தன் பிள்ளையாகவே வளர்த்து, காலேஜ் ஃபீஸும் கட்டுகிறார். உயில் எழுதாமலே இறந்துவிடுகிறார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து மனைவி, மகன், தாயார் இருந்தால் தாயார் ஆகியோருக்குச் சமபங்காகப் போகும். விவாகரத்தான மனைவிக்குப் பங்கு இல்லை. அவர் வயிற்றில் பிறந்த மகனுக்கு உண்டு. "அப்பா" என்று அழைத்த அந்தப் பெண்ணுக்கோ, சட்டப்படி தத்தெடுக்காதவரை, ஒரு பைசாகூட இல்லை. பாசம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. உயிலில் எழுதினால்தான் தெரியும்.

சரி, முன்பே ஓர் உயில் இருந்தால்? முதல் மனைவி பேருக்கு எழுதிய உயில் விவாகரத்தால் தானாக ரத்தாகாது. இந்துக்களுக்கு மறுமணத்தாலும் ரத்தாகாது. கிறிஸ்தவர்களுக்கு நேர்மாறு: 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, திருமணம் செய்துகொண்டாலே பழைய உயில் செல்லாது. இஸ்லாமியர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

நாமினி விஷயத்திலும் கவனம் வேண்டும். கம்பெனி ஷேர்களுக்கு நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளராகிவிட மாட்டார் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இன்சூரன்ஸில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, நாமினியாகப் போட்ட பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்கே பணம் சொந்தம். ஆகவே பழைய பேரை உடனே மாற்றுங்கள்.

உயில் எழுத ஸ்டாம்பு பேப்பர் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை; செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். உங்கள் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். "என் மனைவி", "என் பிள்ளைகள்" என்று பொதுவாக எழுதாமல், ஒவ்வொருவர் பெயரையும் உறவையும் பங்கையும் எழுதுங்கள். முந்தைய உயில்களை ரத்து செய்கிறேன் என்று ஒரு வரி, தேதி, இரண்டும் அவசியம். யாருக்காவது பங்கு குறைந்தால் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். நாளைக்கு கோர்ட்டில் அதைச் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்!

தம்பி தங்கைகளே, அப்பா அம்மாவிடம் இதைப் பேச நீங்களும் கூச்சப்படாதீர்கள். இரண்டு தாய் வயிற்றுப் பிள்ளைகள் பிற்காலத்திலும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போய்வர, தெளிவாக எழுதிய இரண்டு பக்கம் போதும்.